கர்னாக் கோயில்: அரை நாளில் எதை, எந்த வரிசையில் பார்ப்பது?

வழிப்போக்கன் கேட்டது:
டிசம்பர் மூன்றாவது வாரம் எகிப்தின் லக்சர் நகருக்குப் போகிறோம். கர்னாக்குக்கு அரை நாள்தான் ஒதுக்க முடியும், கைடு கிடையாது. கூட வரும் அம்மாவுக்கு 68 வயது, மெதுவாகத்தான் நடப்பார். எந்தப் படத்தைப் பார்த்தாலும் பெரிய தூண்கள் மட்டுமே இருக்கின்றன. அதைத் தாண்டி எதைத் தவறவிடக் கூடாது? எந்த நேரத்தில் சிற்பங்கள் நன்றாகத் தெரியும்?

நைல்கரை:
நல்ல சமயத்தில்தான் போறீங்க. கோயிலின் நடு அச்சு, குளிர்காலத்தில் பகல் மிகக் குறைவான நாளில் சூரியன் உதிக்கும் திசையைப் பார்த்துப் போகுது. வாசல் மேற்கே இருக்கு. அதனால காலையில முகப்புச் சுவர் நிழலில் கிடக்கும், அதைப் படம் எடுக்க மதியத்துக்கு மேல்தான் சரி. காலை நேரத்தை உள்ளே செலவழிங்க. திறக்கும்போதே போயிடுங்க, 9 மணிக்கு மேல பஸ் கூட்டம் வந்துடும்.

தூண் மண்டபத்தில் மொத்தம் 134 தூண்கள். நடுவில் இருக்கும் 12 மட்டும் சுமார் 21 மீட்டர் உயரம், மற்றவை அதைவிடக் குட்டை. அந்த உயர வித்தியாசத்தில்தான் கல்லில் குடைந்த சன்னல்கள் வெச்சிருக்காங்க. தலையைத் தூக்கிப் பார்த்தா சில இன்னும் மிச்சம் இருக்கு.

அங்கேயே ஒண்ணு செய்ங்க: முதலில் வடக்குப் பாதிச் சுவர், பிறகு தெற்குப் பாதி. வடக்கே அரசர் முதலாம் சேத்தி செய்தது. சுற்றியுள்ள கல்லை எடுத்துட்டு உருவத்தைப் புடைக்க விட்டிருக்காங்க. அவர் மகன் இரண்டாம் ராம்செஸ் காலத்துத் தெற்குப் பாதியில் பெரும்பாலும் உருவத்தையே கல்லுக்குள் குழிச்சிருப்பாங்க. முதல் வகை நுணுக்கம். இரண்டாவது சீக்கிரம் முடியும், வெயிலிலும் கோடு அழுத்தமாத் தெரியும். ரெண்டுமே சாய்வு வெளிச்சத்தில்தான் உயிர் பெறும். வெயில் நேரா அடிக்க ஆரம்பிச்சா சுவர் தட்டையாயிடும்.

செங்கல்சூளை:
முதல் முற்றத்தை அவசரமாகக் கடந்துவிடாதீர்கள். உள்ளே நுழைந்ததும் வலப்பக்கம் திரும்பி, முகப்புச் சுவரின் பின்புறம் பாருங்கள். சுடாத பச்சைச் செங்கல் மேடு ஒன்று சரிந்து கிடக்கும். கற்களை மேலே இழுத்துப் போகக் கட்டிய சாய்தளத்தின் மிச்சம் அது. வேலை முடியாமலே நின்றதால் யாரும் அகற்றவில்லை. பக்கத்திலேயே செதுக்கி முடிக்காத தூண் இருக்கிறது. கரடுமுரடான கற்களை முதலில் அடுக்கிவிட்டு, பிறகுதான் இழைத்து உருண்டையாக்கியிருக்கிறார்கள் என்பது அதில் கண்கூடு. என்னைக் கேட்டால், இந்தக் கோயில் எப்படிக் கட்டப்பட்டது என்று சொல்ல இந்த ஒரு மூலையே போதும்.

பலரும் செய்யும் தவறு: அரசி ஹட்ஷெப்சுட்டின் ஒற்றைக்கல் தூபியை (கூர்நுனி கொண்ட உயரமான நாற்கரக் கல்) பார்த்துவிட்டு, கோயிலின் புனித ஏரிப் பக்கம் திரும்பிவிடுவது. கருவறையைத் தாண்டினால் வெறும் திடல்தான் வருகிறது, கோயில் முடிந்துவிட்டது போலத் தோன்றும். முடியவில்லை. திடலுக்கு அப்பால் அரசர் மூன்றாம் துட்மோஸின் விழா மண்டபம் இருக்கிறது. அதன் வாசல் நேர் எதிரே கிடையாது, தென்மேற்கு மூலையில். உள்ளே நடுவில் இருக்கும் தூண்கள் மேலே பருத்து, கீழே சிறுத்து, கூடாரக் கம்பு போல நிற்கும். பிற்காலத்தில் தேவாலயமாகப் பயன்பட்டதால் கிறிஸ்தவப் புனிதர்களின் ஓவியத் தடயமும் உண்டு. இன்னும் பின்னால் போனால், சிரியாப் படையெடுப்பின்போது கண்ட செடிகளையும் பறவைகளையும் செதுக்கிய சிறிய அறை. அதற்குப் படியேற வேண்டும்.

தூபியின் அடிப்பீடத்தையும் கவனியுங்கள். மலையிலிருந்து வெட்டியெடுக்க 7 மாதம் ஆனது என்று அதில் எழுதியிருக்கிறது. கல் அஸ்வானின் சிவப்புக் கருங்கல்.

வழிப்போக்கன்:
மிக்க நன்றி. அம்மாவுக்கு நடை எவ்வளவு இருக்கும்? நடுவில் உட்கார இடம் உண்டா?

மணல்மேடு:
டிக்கெட் வாங்கும் இடத்திலிருந்து முதல் வாசல் வரை நிழலே இல்லாத பெரிய திடல், அதைக் கணக்கில் வையுங்கள். கழிப்பறை வேலையை அங்கேயே முடித்துவிடுங்கள். கவுன்டரில் பெரும்பாலும் கார்டுதான் கேட்பார்கள்.

உள்ளே தரை பெரும்பாலும் சமம். ஆனால் கற்பாவு ஏற்ற இறக்கமாக இருக்கும், மணலும் உண்டு. அடி வழுக்காத மூடிய காலணி அம்மாவுக்கு அவசியம். தூண் மண்டபத்துக்குப் பிறகு நேராகப் புனித ஏரிக்குக் கூட்டிப் போங்கள். அங்கே தேநீர்க் கடை இருக்கிறது, நிழலில் உட்காரலாம். அவரை அங்கே விட்டுவிட்டு நீங்கள் விழா மண்டபம் போய் வரலாம்.

காவலாளிகள் கையசைத்துக் கயிற்றுக்கு அந்தப் பக்கம் கூப்பிடுவார்கள், பிறகு பணம் எதிர்பார்ப்பார்கள். வேண்டாமென்றால் "லா, ஷுக்ரன்" (வேண்டாம், நன்றி) என்று சொல்லிவிட்டு நிற்காமல் நடங்கள். உதவி வாங்கினால் கொடுக்கச் சிறு நோட்டுகள் தனியாக வைத்திருங்கள்.

நேரம் மிஞ்சினால் திறந்தவெளி அருங்காட்சியகம்: முதல் முற்றத்துக்கு வடக்கே. அரசர் முதலாம் செனுஸ்ரெட்டின் வெள்ளைக் கோயில் அங்கேதான். அதைக் கழற்றி, மூன்றாவது வாசல் சுவருக்குள் நிரப்புக் கல்லாகப் போட்டிருந்தார்கள். 20-ஆம் நூற்றாண்டில் எடுத்து மறுபடி கோத்தார்கள். சுவருக்குள் வெயில் படாமல் கிடந்ததால், சித்திர எழுத்தில் வரும் ஆந்தையின் இறகுகள்கூடத் தனித்தனியாகத் தெரியும். அம்மா களைத்திருந்தால் விழா மண்டபத்தை விட்டுவிட்டு இதற்கு வாருங்கள். வெளியே போகும் வழிக்குப் பக்கம், படியும் அதிகமில்லை.