இடம் குறைந்த கேபினெட்டில் ரேடியேட்டர் மாட்டுவது: அனுபவப் பகிர்வு

முதலில் அளவு

கம்ப்யூட்டர் ப்ராசஸரைத் திரவத்தால் குளிர்விக்கும் கூலரில், சூட்டை வெளியேற்றும் பகுதிதான் ரேடியேட்டர். கேபினெட் விவரத்தில் "240 ரேடியேட்டர் பொருந்தும்" என்று போட்டிருப்பார்கள். அந்த 240, இரண்டு 120 மி.மீ. ஃபேன்களின் நீளம், ரேடியேட்டரின் நீளம் இல்லை. 240 ஏஐஓ (பம்ப், டியூப், ரேடியேட்டர் எல்லாம் ஒன்றாகப் பூட்டியே வரும் கூலர்) ரேடியேட்டர்கள் பெரும்பாலும் 272 முதல் 280 மி.மீ. வரை இருக்கும். 360 என்றால் 394 முதல் 400 வரை. கூடுதலாக வருவது இரண்டு முனைகளிலும் உள்ள தொட்டிகள். டியூப் கிளம்பும் முனையில் தொட்டி பெரிது, மறுமுனையில் சிறிது. அதனால் இடிக்கிறது என்று தோன்றினால் முதலில் ரேடியேட்டரை முன்பின்னாகத் திருப்பி வைத்துப் பாருங்கள். வேண்டிய இடம் சில நேரம் அதிலேயே கிடைத்துவிடும்.

நீளத்தைவிட அதிகம் காலை வாருவது தடிமன். வழக்கமான ஏஐஓ ரேடியேட்டர் 27 மி.மீ., ஃபேன் 25 மி.மீ., இரண்டும் சேர்ந்து 52. ஆர்க்டிக் லிக்விட் ஃப்ரீசர் 3 போன்றவற்றில் ரேடியேட்டர் மட்டுமே 38, ஃபேனோடு 63. இந்த 11 மி.மீ. வித்தியாசத்தில்தான் பலருக்கும் மதர்போர்டின் மேல்விளிம்பு இடிக்கிறது.

மூன்றாவது, டியூப் வளைவு. ஏஐஓ மாடல்கள் பலவற்றில் டியூப் நீளவாக்கில் வெளியே வருகிறது. விறைப்பான ரப்பர், மேலே நூல் உறை. அது மடங்காமல் திரும்பத் தொட்டிக்கு அப்பால் இன்னும் 40 முதல் 50 மி.மீ. வேண்டும். இந்த இடத்தை எந்த விவரத் தாளும் சொல்வதில்லை, நாம்தான் கணக்கில் சேர்க்க வேண்டும்.

வாங்கும் முன் ஒரு அட்டைப்பெட்டியை வெட்டி 277 × 120 × 52 அளவில் டம்மி செய்யுங்கள். ஒரு முனையில் 50 மி.மீ. நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு துண்டை ஒட்டுங்கள், அதுதான் டியூப். மதர்போர்டு, ரேம், கிராபிக்ஸ் கார்டு எல்லாம் மாட்டிய நிலையில் டம்மியை உள்ளே வைத்துப் பார்த்தால் எங்கே இடிக்கும் என்பது கண்ணெதிரே தெரியும். டேப் பிடித்து அளப்பதைவிட இது நம்பகமானது. டேப்பால் அளக்கும்போது கேபினெட் விளிம்பில் உள்ள மடிப்பையும் ரிவெட்டையும் விட்டுவிடுவோம்.

மேல்பக்கம், 240 ஏஐஓ, மைக்ரோ ஏடிஎக்ஸ் (நடுத்தர மதர்போர்டு அளவு)

மேல் தகட்டிலிருந்து மதர்போர்டின் மேல்விளிம்பு வரை 52 மி.மீ. இருந்தால் கவலையே இல்லை. சின்ன கேபினெட்டில் அது 30, 35 என்றுதான் இருக்கும். அப்போது ஃபேன் மதர்போர்டுக்கு நேர் முன்னால் இறங்கி நிற்கும். அதற்கு இடம் கொடுப்பது இரண்டு விஷயங்கள்: ஸ்க்ரூ துளைகள் பக்கவாட்டுக் கதவை நோக்கித் தள்ளி அமைந்திருப்பது, ரேமின் உயரம் குறைவாக இருப்பது. ஹீட்ஸ்ப்ரெடர் (மேலே போர்த்திய உலோகத் தகடு) இல்லாத ரேம் சுமார் 31 மி.மீ. உயரம். விளக்கு வைத்தவை 44க்கு மேலும் போகும். ஸ்லாட்டின் உயரம் இதற்கு மேல் தனி. கேபினெட்டில் நீள்துளை இருந்தால் ரேடியேட்டரைக் கதவுப் பக்கம் முழுதாக நகர்த்திய பிறகு ஸ்க்ரூவை இறுக்குங்கள். 3 மி.மீ. கூட இங்கே பெரிய இடம்.

ரேம் இடிக்கிறது என்றால் ரேமை மாற்றும் முன் ஸ்லாட்டைப் பாருங்கள். இரண்டு ஸ்லாட் மட்டும் உள்ள போர்டில் வழியில்லை. நான்கு ஸ்லாட் போர்டில் இரண்டு ரேம் என்றால் ப்ராசஸரிலிருந்து எண்ணி இரண்டாவது, நான்காவது ஸ்லாட்டில்தான் போடச் சொல்வார்கள். இடத்துக்காக வேறு ஸ்லாட்டுக்கு மாற்றினால் ரேம் வேகம் நிலைக்காமல் போகலாம். அதைவிட உயரம் குறைந்த ரேம் வாங்குவதே நல்லது.

வேலையின் வரிசை ரொம்ப முக்கியம். ப்ராசஸருக்கு மின்சாரம் கொடுக்கும் 8 பின் கனெக்டர் மதர்போர்டின் மேல் இடது மூலையில் இருக்கும். ரேடியேட்டர் உட்கார்ந்த பிறகு அங்கே விரல் போகாது. ஆகவே 8 பின் கேபிள், மேல்விளிம்பில் உள்ள ஃபேன் ஹெட்டர்கள் (வயர் செருகும் பின்கள்), விளக்கு ஹெட்டர்கள் எல்லாவற்றையும் முதலில் செருகி, வயரைப் பின்பக்கம் இழுத்துவிட்டு, அதன் பிறகே ரேடியேட்டர். கேபினெட்டின் மேல் தகடு கழன்று வரும் வகையாக இருந்தால் ரேடியேட்டரையும் ஃபேனையும் வெளியிலேயே அதில் பூட்டி ஒரே துண்டாக இறக்குங்கள்.

ஃபேனின் வயர் எந்த மூலையில் கிளம்புகிறது என்பதையும் மாட்டும் முன்பே பார்க்க வேண்டும். வயர் மூலை மதர்போர்டு தட்டின் பக்கம் இருந்தால் பின்னால் மறைந்துவிடும். கதவுப் பக்கம் வந்துவிட்டால் ஃபேனைக் குறுக்கே தாண்டித்தான் கொண்டுபோக வேண்டும்.

ஸ்க்ரூ எல்லாவற்றையும் முதலில் விரலால் பாதி மட்டும் திருகுங்கள். எட்டும் பிடித்த பிறகு எதிரெதிர் மூலையாக இறுக்குங்கள். ஒன்றை முழுதாக இறுக்கிவிட்டு அடுத்ததற்குப் போனால் கடைசி இரண்டு துளைகள் நேராக வராது. வலிந்து திருகினால் ரேடியேட்டரின் மரை அழியும். ஸ்க்ரூ 6-32 வகையா, எம்3 வகையா, எம்4 வகையா என்பது மாடலுக்கு மாடல் மாறும். பெட்டியில் வந்ததைத் தவிர வேறு எதையும் போடாதீர்கள்.

முன்பக்கம், 360 ஏஐஓ, நீண்ட கிராபிக்ஸ் கார்டு

கேபினெட்டில் "கிராபிக்ஸ் கார்டு 330 மி.மீ. வரை" என்றால் அது முன்னால் எதுவும் இல்லாதபோது. ரேடியேட்டரும் ஃபேனும் உள்ளே வந்தால் 330 − 52 = 278. ஆனால் ஃபேன் உள்ளேதான் இருக்க வேண்டும் என்றில்லை. கேபினெட் சட்டத்துக்கும் முன் முகப்புக்கும் நடுவே இடைவெளி இருக்கும். அது 25 மி.மீ.க்கு மேல் இருந்தால் ஃபேனை அங்கே வைத்து, ரேடியேட்டரை மட்டும் சட்டத்தின் உட்புறம் மாட்டலாம். அப்போது 330 − 27 = 303. பெரிய கார்டுகள் பலவற்றுக்கு இந்த 25 மி.மீ. போதும்.

இந்த முறையில் ஸ்க்ரூ, ஃபேனைத் துளைத்து, சட்டத்தையும் கடந்து ரேடியேட்டரில் ஏறுகிறது. 30 மி.மீ. ஸ்க்ரூவில் ஃபேனுக்கு 25, தகட்டுக்கு ஒன்று போக, 4 மி.மீ. மரையில் பிடிக்கும். சரியான அளவு. இடைவெளி போதவில்லை என்று 15 மி.மீ. மெல்லிய ஃபேன் போட்டுவிட்டு அதே 30 மி.மீ. ஸ்க்ரூவைத் திருகினால் 14 மி.மீ. உள்ளே இறங்கும். மரைத் துளைக்கு நேர் கீழே தண்ணீர் ஓடும் தட்டைக் குழாய் இருக்கும். எல்லா ரேடியேட்டரிலும் அங்கே தடுப்புத் தகடு கிடையாது. குழாயில் ஊசி முனை அளவு ஓட்டை விழுந்தாலே ஏஐஓ முழுவதும் வீண். 15 மி.மீ. ஃபேனுக்கு 20 மி.மீ. ஸ்க்ரூ. ஃபேனே இல்லாமல் ரேடியேட்டரை நேராகத் தகட்டில் பூட்டும்போது 5 அல்லது 6 மி.மீ. போதும். திருகும் முன் ஸ்க்ரூவைப் பக்கவாட்டில் வைத்து எவ்வளவு உள்ளே போகும் என்று கண்ணால் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

டியூப் மேலேயா கீழேயா? பம்ப், ப்ராசஸர் மேல் உட்காரும் ஏஐஓ வகையில் ரேடியேட்டரின் உச்சி பம்பைவிட உயரத்தில் இருக்க வேண்டும். நாளடைவில் டியூப் வழியே கொஞ்சம் கொஞ்சமாக நீர் ஆவியாகி உள்ளே காற்று சேரும். அந்தக் காற்று எது உயரமோ அங்கே போகும். ரேடியேட்டரின் மேல் தொட்டிக்குப் போனால் பாதகமில்லை. பம்புக்குப் போனால் சத்தம், பிறகு தேய்மானம். டியூப் கீழே வருவதுபோல் வைத்தால் காற்று மேல் தொட்டியில் அடங்கிவிடும், சலசலப்பும் குறையும். ஆனால் கீழே கிளம்பும் டியூப் கிராபிக்ஸ் கார்டின் நுனியைச் சுற்றிக்கொண்டு மேலே ஏற வேண்டும். கார்டின் நுனிக்கும் ரேடியேட்டருக்கும் நடுவே டியூப் தடிமனுக்கு இடம் இல்லையென்றால் அல்லது நீளம் எட்டவில்லையென்றால் டியூபை மேலே வைத்துக்கொள்ளுங்கள். உச்சி பம்பைவிட உயரமாக இருக்கும்வரை அதில் ஆபத்து இல்லை.

இதோடு ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள்: கேபினெட்டின் அடியில் ஏஐஓ ரேடியேட்டரை மாட்டாதீர்கள். இடம் அங்கேதான் தாராளமாக இருக்கும், ஆசையாகவும் இருக்கும். ஆனால் அங்கே பம்ப்தான் உச்சி.

பக்கவாட்டு, 240, மினி ஐடிஎக்ஸ் (மிகச் சிறிய மதர்போர்டு அளவு)

மினி ஐடிஎக்ஸில் பிரச்சினை டியூப் குறைவது அல்ல, மிஞ்சுவது. 400 மி.மீ. டியூபுக்கு உள்ளே போக இடம் தேட வேண்டியிருக்கும். பம்ப் தலையைத் திருப்பி மாட்டிப் பார்ப்பது நல்ல வழி. டியூப் ரேம் பக்கம் கிளம்புவதற்கும் பின் தகட்டுப் பக்கம் கிளம்புவதற்கும் வளைவு முற்றிலும் வேறு. டியூபின் மிச்சம் கிராபிக்ஸ் கார்டின் பின் தகட்டில் பட்டால் பரவாயில்லை. ஃபேன் இறக்கையில் உரசக் கூடாது. கதவை மூடும்போது டியூப் அழுந்தி பம்ப் தலையைச் சாய்த்தாலும் கெடுதல்தான்: ஒரு பக்கம் தெர்மல் பேஸ்ட் (ப்ராசஸருக்கும் பம்ப் தலைக்கும் நடுவே பூசுவது) தடித்து, சில கோர்கள் மட்டும் சூடாகும். கதவு மூடிய பிறகு கோர்களுக்கு இடையே வெப்ப வித்தியாசம் கூடினால் முதலில் இதைச் சந்தேகியுங்கள்.

சில சிறிய கேபினெட்களில் ரேடியேட்டர், ஃபேன் இரண்டுக்கும் சேர்த்து 55 மி.மீ. தான் அனுமதி. 27 + 25 நுழையும். 38 + 25 நுழையாது, 38 + 15 நுழையும். இரண்டும் நுழைகின்றன என்றால் எதைத் தேர்வது? 27 + 25 தான். 15 மி.மீ. ஃபேன்களுக்கு, நாக்டுவா என்எஃப்-ஏ12×15 போன்ற நல்லவற்றுக்கும்கூட, தடித்த ரேடியேட்டரின் நெருக்கமான துடுப்புகள் வழியே காற்றைத் தள்ளும் அழுத்தம் குறைவு. வேகத்தைக் கூட்டித்தான் ஈடுகட்ட முடியும், அப்போது இரைச்சல் வரும்.

இரைச்சல் பற்றி இன்னொன்று. ஃபேன் காற்றை உறிஞ்சும் பக்கம் துளைத் தகடு ஒட்டினாற்போல் இருந்தால் ஒரு கீச்சொலி எழும். ஃபேன் வேகத்தைக் குறைத்தாலும் அது முழுதாகப் போகாது. தகட்டுக்கும் ஃபேனுக்கும் நடுவே 5 மி.மீ. இடைவெளி விட்டால் அடங்கிவிடும். அந்த 5 மி.மீ.க்காகவே மெல்லிய ரேடியேட்டரைத் தேர்வது நல்ல முடிவு. காற்று வெளியேறும் பக்கம் தகடு இருப்பது அவ்வளவு தொல்லை தராது.

உள்ளே நுழைக்கும்போது துடுப்புகளில் கை வைத்துத் தள்ளாதீர்கள், தொட்டியையோ விளிம்புச் சட்டத்தையோ பிடியுங்கள். வளைந்த துடுப்பை மெல்லிய பிளாஸ்டிக் அட்டையால் நிமிர்த்தலாம். ஸ்க்ரூடிரைவர் வேண்டாம்.

கஸ்டம் லூப், சிறிய கேபினெட்

கஸ்டம் லூப் என்றால் பாகங்களைத் தனித்தனியாக வாங்கி நாமே இணைப்பது. ஏஐஓ போல் அல்லாமல் இங்கே ரேடியேட்டரின் துளைகள் பெரும்பாலும் தட்டையான முகத்தில் இருக்கும், ஜி 1/4 அளவு மரை. அதில் ஏறி டியூபைப் பிடிக்கும் நேரான ஃபிட்டிங் ஏறத்தாழ 20 மி.மீ. நீட்டிக்கொண்டு நிற்கும். ஆகவே தடிமன் கணக்கில் ரேடியேட்டர், ஃபேன் இரண்டோடு ஃபிட்டிங்கையும் டியூப் வளைவையும் சேர்க்க வேண்டும். அந்த மூலையில் 90 டிகிரி சுழலும் ஃபிட்டிங் போட்டால் வளைவுக்கான இடம் மிச்சமாகும். ரேடியேட்டர் உள்ளே போன பிறகு ஃபிட்டிங்கைத் திருக விரல் போகுமா என்று பார்த்துவிட்டு, போகாதென்றால் வெளியிலேயே திருகிவிடுங்கள். கையால் இறுக்கினால் போதும். ஸ்பானர் போட்டால் ஓ-ரிங் நசுங்கி, பிறகு அங்கேதான் கசியும்.

டியூபில் 10/13 (உள்விட்டம் 10, வெளிவிட்டம் 13 மி.மீ.) எளிதாக வளையும், ஆனால் சீக்கிரம் மடங்கும். 10/16 சுவர் தடித்தது, அதே வளைவில் மடங்காமல் நிற்கும், இடம் அதிகம் கேட்கும். வளைவு ஒன்றுக்கு மேல் இருந்தால் 10/16 எடுங்கள்.

புது ரேடியேட்டருக்குள் பற்றவைக்கும்போது பூசிய ஃப்ளக்ஸ் பசையின் மிச்சம் இருக்கும். சூடான டிஸ்டில்டு வாட்டர் ஊற்றி, குலுக்கிக் கொட்டி, தண்ணீர் தெளிவாக வரும்வரை திரும்பச் செய்யுங்கள். இதை மாட்டும் முன் செய்ய வேண்டும், மாட்டிய பிறகு வழியில்லை. செம்பு பிளாக் (ப்ராசஸர் மேல் உட்காரும் தட்டு) உள்ள லூப்பில் அலுமினிய ரேடியேட்டர் சேர்க்கவே கூடாது. இரண்டு உலோகமும் ஒரே நீரில் இருந்தால் அலுமினியம் அரிக்கப்படும். ஏஐஓவில் அலுமினிய ரேடியேட்டரும் செம்புத் தட்டும் சேர்ந்திருக்கிறதே என்றால், அதன் திரவத்தில் அரிப்புத் தடுப்பான் கலந்திருக்கிறது. அதனால்தான் ஏஐஓவைத் திறந்து வெறும் தண்ணீர் ஊற்றக் கூடாது என்கிறோம்.

கசிவுச் சோதனை முதலில் காற்றால்: 0.5 பார் அழுத்தம் ஏற்றி அரை மணி நேரம் அழுத்தமானியின் முள் இறங்காமல் நின்றால் சரி. பிறகு திரவம் ஊற்றி, பம்புக்கு மட்டும் மின்சாரம் கொடுத்து ஓட விடுங்கள். மதர்போர்டு, கார்டு கேபிள்கள் எல்லாம் கழற்றியிருக்க வேண்டும். 24 பின் கனெக்டரில் 16ஆம் பின்னை ஒரு கிரவுண்ட் பின்னோடு, பக்கத்தில் உள்ள 17ஆம் பின் போல, இணைத்தால் பவர் சப்ளை இயங்கும். லூப்பின் மிகத் தாழ்ந்த இடத்தில் ஒரு வடிகால் வால்வு வையுங்கள். சின்ன கேபினெட்டில் இது இல்லாவிட்டால் திரவம் மாற்ற முழுவதையும் பிரிக்க வேண்டிவரும்.

மாட்டி முடித்த பிறகு

பத்து நிமிடச் சோதனையை நம்பாதீர்கள். தண்ணீர் மெதுவாகச் சூடேறும். இடுக்கமான கேபினெட்டில் வெப்பம் நிலைக்கு வர அரை மணி, முக்கால் மணி கூட ஆகும். ப்ராசஸரையும் கிராபிக்ஸ் கார்டையும் சேர்த்தே ஓட்டிப் பாருங்கள். மேலே மாட்டிய ரேடியேட்டர் கார்டு விடும் சூடான காற்றைத்தான் வாங்குகிறது, தனியாகச் சோதித்தால் இது தெரியாது. பெரும்பாலான ஏஐஓக்களுக்குத் திரவத்தின் உச்ச வரம்பு 60 டிகிரி செல்சியஸ். 50ஐத் தாண்டினாலே காற்று வழியைத் திரும்பப் பார்க்க வேண்டும்.

பயாஸில் பம்பை முழு வேகத்தில் விடுங்கள், ஃபேனை மட்டும் வெப்பத்துக்கேற்ப மாற்றுங்கள். திரவ வெப்பத்தை மதர்போர்டு படிக்க முடிந்தால் ஃபேன் வேகத்தை அதோடு இணைப்பது நல்லது. ப்ராசஸர் வெப்பத்தோடு இணைத்தால் ஒரு புரோகிராம் திறக்கும்போதெல்லாம் ஃபேன் எகிறி இறங்கும். மூன்று ஃபேனை ஸ்ப்ளிட்டர் வழியே ஒரே ஹெட்டரில் போடுகிறீர்கள் என்றால் ஹெட்டர் தாங்கும் அளவு பொதுவாக 1 ஆம்பியர். ஃபேனின் நடுவில் ஒட்டியிருக்கும் லேபிளில் உள்ள ஆம்பியரைக் கூட்டிப் பாருங்கள். ரேடியேட்டர் மாட்டிய பிறகு அந்த லேபிள் கண்ணுக்குத் தெரியாமல் போகலாம், முன்பே குறித்துவைத்துக்கொள்ளுங்கள்.