எம்ஜிபிக்கு எந்த சஸ்பென்ஷன் பாகங்கள் வாங்கலாம்?

வணக்கம். இங்கிலாந்தில் பழைய கார் வைத்திருப்பவர்கள் யாராவது இருந்தால் ஒரு யோசனை சொல்லுங்கள். என்னுடையது 1972 எம்ஜிபி ரோட்ஸ்டர், எம்ஜி கம்பெனியின் திறந்த கூரை ஸ்போர்ட்ஸ் கார். முன் வலது லீவர் ஆர்ம் டேம்பரில் (கை வைத்த பழைய வகை ஷாக் அப்சார்பர்) எண்ணெய் கசிந்து, கீழே ஸ்பிரிங் உட்காரும் தட்டு வரை பிசுபிசுவென்று இறங்கியிருக்கிறது. எண்ணெய் ஊற்றினால் கொஞ்ச நாள் தாங்கும், அப்புறம் வண்டி பழையபடி குதிக்கும். இந்த வண்டியில் டேம்பரின் கைதான் மேல் விஷ்போன் (சக்கரத்தைப் பிடித்திருக்கும் கை) வேலையையும் பார்க்கிறது. கழற்றிப் போட்டுவிட்டு இப்போதைய கார்களில் இருப்பது போன்ற குழாய் வடிவ டெலஸ்கோபிக் டேம்பர் மாட்டுவது அவ்வளவு லேசில்லை. அதனால் ரீகண்டிஷன் செய்ததையே வாங்கலாம் என்றிருக்கிறேன். ஷாஃப்ட் தேய்மானத்தைச் சரிசெய்யாமல் பெயிண்ட் மட்டும் அடித்து விற்பதும் உண்டாமே, எப்படிக் கண்டுபிடிப்பது?

கீழ் விஷ்போன் புஷ்ஷும் (இணைப்பில் அதிர்வைத் தாங்கும் ரப்பர் உறை) நைந்துவிட்டது. பந்தயமா ஓட்டப் போகிறேன், கெட்டியான பாலியூரித்தேன் புஷ் எனக்கு எதற்கு? கிரீஸ் காய்ந்தால் கீச்சென்று கத்தும். எம்ஜிபியின் ஜிடி வி8 மாடலில் வந்த, உலோக உறை போட்ட ரப்பர் புஷ்ஷை மாட்டியவர்கள் இருக்கிறீர்களா?

பின்னால் லீஃப் ஸ்பிரிங் (பட்டை ஸ்பிரிங்) தொய்ந்து வண்டி ஒரு பக்கம் சாய்ந்து நிற்கிறது. ஜோடியாகத்தான் மாற்ற வேண்டும், சரி. ஆனால் 1974 இறுதியில் வந்த ரப்பர் பம்பர் வைத்த எம்ஜிபி வண்டிகள் உயரம் கூடியவை. அந்த ஸ்பிரிங்கை என் தலையில் கட்டாத கடை இருந்தால் சொல்லுங்கள்.