கைனேஸுக்கு 'பாஸ்பேட் ஏற்றி' சரியா வருமா?

வணக்கம் ஐயா, கேம்கே2ஏ மரபணுவோட விளக்கத்தை தமிழாக்கறதுல கைனேஸ்ங்கற நொதி வகைக்கு நீங்க சொன்ன 'இயக்கு நொதி' கேக்க நல்லாத்தான் இருக்கு, கிரேக்க வேருக்கு அசைவுன்னு பொருள் வர்றதும் சரிதான், ஆனா அந்த நொதி செய்யற வேலை என்னன்னு பாத்தா செல்லுக்கு ஆற்றல் தர்ற ஏடிபி மூலக்கூறுல இருந்து ஒரு பாஸ்பேட்டை எடுத்து புரதம் மாதிரி இன்னொரு மூலக்கூறு மேல ஏத்தி வைக்குது. அதனால நான் 'பாஸ்பேட் ஏற்றி'ன்னு வைக்கலாம்னு நினைக்கிறேன். அப்படி வெச்சா பாஸ்பேட்டை கழட்டற பாஸ்படேஸ்ங்கற நொதி வகை தானாவே 'பாஸ்பேட் இறக்கி' ஆயிடுது பாருங்க. நரம்பு செல்லுக்குள்ள கால்சியம் கூடுனா ரெண்டு வகையும் வேலைக்கு கிளம்பும், நம்ம கேம்கே2ஏ சம்பந்தப்பட்ட கேம் கைனேஸ் 2ங்கற நொதி ஏத்தும், கால்சிநியூரின்ங்கற பாஸ்படேஸ் இறக்கும், ஜோடியா படிக்கற பிள்ளைங்களுக்கு மறக்கவே மறக்காது.

பாஸ்பாரிலேஸ்ங்கற இன்னொரு நொதியும் பாஸ்பேட்டைத்தானே சேக்குதுன்னு கேப்பீங்க. அது ஏடிபியை செலவழிக்கறதில்ல, கனிம பாஸ்பேட்டை வெச்சு கிளைகோஜனை வெட்டுது, அதுக்கு தனிப்பேர் பாத்துக்கலாம்.

எனக்கு பெரிய சிக்கல் கேம் கைனேஸ் 2ஓட முழுப்பேர்ல வர்ற 'கால்சியம் டிபெண்டன்ட்'டுக்கு 'கால்சியம் சார்ந்த'ங்கறதுலதான். நம்ம ஊர்ல 'விவசாயம் சார்ந்த தொழில்'னா விவசாயத்தோட தொடர்புள்ள தொழில்னுதான் புரிஞ்சுக்குவாங்க, கால்சியம் இல்லாம கிளம்பாதுங்கற அர்த்தம் அதுல வரவே வராது. 'கால்சியம் தூண்டும்'னு போட்டா வரும். இன்னும் சரியா சொல்லணும்னா கால்சியம் நேரா இந்த நொதியை தொடறதில்ல, 4 கால்சியம் அயனி கால்மாடுலின்ங்கற புரதத்துல ஒட்டி அந்த கால்மாடுலின் போய் நொதியை தூண்டுது, அப்புறம் 12 அலகா சேந்து நிக்கற அந்த நொதில பக்கத்து பக்கத்து அலகுகளே 286வது இடத்துல இருக்கற திரியோனைன்ங்கற அமினோ அமிலத்துல ஒண்ணுக்கொண்ணு பாஸ்பேட் ஏத்திக்குது, அதுக்கு மேல கால்சியம் குறைஞ்சாலும் கொஞ்ச நேரம் வேலை நிக்காது. விளக்குத்திரியை தூண்டி விட்டு கைய எடுத்த மாதிரி, அதனாலயே எனக்கு 'தூண்டும்' ரொம்ப பிடிச்சிருக்கு. 1992ல இந்த நொதியோட ஆல்ஃபாங்கற அலகு வகைக்கான மரபணுவை நீக்கின எலிங்க இடத்தை நினைவு வெச்சுக்க தடுமாறினதை பாத்தாங்க, அவ்ளோ முக்கியமான நொதி இது.

மரபணுக் குறியீடு கேம்கே2ஏ அப்படியே இருக்கட்டும், உலகம் முழுக்க ஒண்ணுதான், அதை தமிழாக்கினா தேடறவங்களுக்கு கிடைக்காது. விளக்கம் மட்டும் 'மனிதனின் 5வது குரோமோசோமில் உள்ள, கால்சியம்-கால்மாடுலின் தூண்டும் பாஸ்பேட் ஏற்றி 2இன் ஆல்ஃபா அலகுக்கான மரபணு'ன்னு போடலாம். நீளம்தான், ஆனா தப்பில்ல.

இன்னொண்ணு, அந்த 286 விஷயத்துக்கு 'தன்னேற்றம்'னு எழுதி வெச்சிருக்கேன். ஏத்தறது அதே நொதிக்குள்ள இருக்கற பக்கத்து அலகுங்கறதால 'உள்ளேற்றம்' பொருந்துமோன்னு தோணுது, நீங்க எதை எடுப்பீங்க?