எரிமலைக் குழம்பு மூடிய சாலைகள்: நேரில் பார்த்தவர்கள் எழுதுங்கள்

ஹிலோவாசி:

நானே ஆரம்பிக்கிறேன். ஹவாயின் பெரிய தீவில், ஹிலோ நகரத்தில் மூன்று வருஷம் வேலை பார்த்தேன். 2018 மே 3ஆம் தேதி கிலாவேயா எரிமலையின் கிழக்குச் சரிவில், புனா பகுதியின் லெய்லானி எஸ்டேட்ஸ் குடியிருப்பில், தெருவே பிளந்து குழம்பு கொப்பளித்தது. அடுத்தடுத்து 24 பிளவுகள். மற்றவை அடங்கிவிட்டன, எட்டாம் நம்பர் பிளவு மட்டும் ஆறு மாதிரி ஓடியது. ஜூன் ஆரம்பத்தில் கபோஹோ வளைகுடாவையே தூர்த்துவிட்டது. எரிந்துபோன வீடுகள் 700க்கும் மேல்.

நான் சொல்ல வந்தது எரியாத வீடுகளைப் பற்றி. குழம்பு மேட்டைச் சுற்றிக்கொண்டு போகும்போது நடுவில் தப்பிய பச்சைத் திட்டை அங்கே கிபுகா என்பார்கள். என்னோடு வேலை செய்தவரின் அப்பா வீடு அப்படி ஒரு கிபுகாவில் மாட்டியது. பப்பாளித் தோட்டக்காரர், எழுபது தாண்டியவர். ஹவாயில் பெரியவர்களை நம் ஊர் மாதிரியே அங்கிள், ஆன்ட்டி என்றுதான் கூப்பிடுவார்கள், அதனால் எனக்கும் அவர் அங்கிள்தான். வீடு முழுசாக நிற்கிறது, சாவி பாக்கெட்டில் இருக்கிறது, ஆனால் போக வழியில்லை. 132ஆம் நெடுஞ்சாலை ஐந்து கிலோமீட்டர் வாக்கில் பாறைக்கு அடியில். வீடு எரிந்திருந்தால்கூட ஒரு அழுகையோடு முடிந்திருக்கும் என்று ஆன்ட்டி ஒருமுறை சொன்னார்.

2019 தொடக்கத்தில் அவர்களோடு நடந்தே போனேன். தடித்த பூட்ஸ், கைக்குத் தோல் உறை. உறை எதற்கு என்று கேட்டேன். “விழுந்து பார், தெரியும்” என்றார் அங்கிள். ஆஆ வகைப் பாறை உடைந்த கண்ணாடி மாதிரி இருக்கும், கையை ஊன்றினால் கிழித்துவிடும். முதல் நாள் மழை பெய்திருந்தது. வெடிப்புகளிலிருந்து வெந்நீர் அண்டாவைத் திறந்த மாதிரி ஆவி. செல்போன் வரைபடமோ நாங்கள் நடுரோட்டில் நடப்பதாகவே காட்டிக்கொண்டிருந்தது!

முக்கால் மணி நேரம் கழித்துத் திடீரென்று மரங்கள், கோக்கீ என்கிற சின்னத் தவளைகளின் கூச்சல். வீட்டுத் தகரக்கூரை எரிமலை வாயுவில் துருப்பிடித்துச் சல்லடை ஆகியிருந்தது. அந்தப் பக்கம் பல வீடுகளுக்கு மழைநீர்த் தொட்டிதான் தண்ணீர். தொட்டி நீரின் மேல் பொன்னிறத்தில் முடி முடியாக மிதந்தது. பெலெயின் கூந்தல் என்பார்கள், பெலெ அவர்களுடைய எரிமலைத் தெய்வம். அது மெல்லிய கண்ணாடி இழை. தொடாதே என்று ஆன்ட்டி கையைத் தட்டிவிட்டார்.

132 மறுபடி திறந்தது 2019 நவம்பர் 27ஆம் தேதி. காரில் போனோம். புதுத் தார், இரண்டு பக்கமும் கரும்பாறை, ஒரு மரம் இல்லை. ஆன்ட்டி வழியெல்லாம் “இங்கே இன்னார் வீடு, இங்கே பழக்கடை” என்று வெறும் பாறையைக் காட்டிக்கொண்டே வந்தார்.

ஆனால் நெடுஞ்சாலை திறந்ததால் அங்கிளின் வீடு திறந்துவிடவில்லை. அங்கே குடியிருப்புகளின் உள்தெருக்கள் பெரும்பாலும் தனியார் தெருக்கள், அரசு போட்டுத் தராது. நாலு குடும்பம் பணம் போட்டு புல்டோசர் வாடகைக்கு எடுத்தார்கள். ஓர் அலுவலகம் அனுமதிக்கு இன்னோர் அலுவலகத்தைக் காட்டியது, அது திரும்ப முதல் அலுவலகத்தையே காட்டியது. அந்தக் கதை வேண்டாம், இப்போது நினைத்தாலும் எரிச்சல் வருகிறது.

சாலைப்பணி:

மலைச்சாலை வேலையில் இருந்தவன் என்பதால் ஒரு விஷயம். நிலச்சரிவு என்றால் மண்ணை அள்ளிப் போட்டால் அடியில் பழைய சாலை கிடைக்கும். இங்கே பழைய சாலையை மறந்துவிட வேண்டியதுதான், பாறைமேல் புதிதாகத்தான் போடவேண்டும். மேலே கிடக்கும் சல்லி மாதிரியான பாகத்தைப் புல்டோசர் சுலபமாகத் தள்ளும். வழவழப்பாக உறைந்த வகையில்தான் ஆபத்து, உள்ளே பொந்து இருக்கும், எடை ஏறினால் கூரை இறங்கிவிடும்.

அப்புறம் சூடு. பாறை வெப்பத்தை லேசில் விடாது. தடிமன் இரண்டு மடங்கானால் ஆற நாலு மடங்கு காலம். 1959இல் கிலாவேயா இக்கி பள்ளத்தில் தேங்கிய குழம்பு, நூறு மீட்டருக்கும் மேல் ஆழம், முழுக்க இறுக முப்பது வருஷத்துக்கு மேல் ஆனது. மேல்தோல் ஆறிவிட்டதே என்று தோண்டினால் அடியில் நூற்றுக்கணக்கான டிகிரி இருக்கும். சூடான கல்லைக் கிளறிப் பரப்பி, ஆறவிட்டு, அதையே உடைத்து அடித்தளமாகப் போடவேண்டும். அவசரப்பட்டுத் தார் போட்டால் இளகிவிடும். 132க்கு மத்திய அரசுப் பணம் முழுசாகக் கிடைக்கக் கெடு இருந்தது, அதை நீட்டித்தும் கொடுத்தார்கள் என்று படித்தேன். ஆக அங்கே பாறையோடும் காலண்டரோடும் ஒரே நேரத்தில் மல்லுக்கட்டியிருக்கிறார்கள்.

தீவுப்பயணி:

நான் பார்த்தது ஸ்பெயினின் லா பால்மா தீவு. 2021 செப்டம்பர் 19இல் தொடங்கி டிசம்பர் 13 வரை வெடித்தது. தீவின் மேற்குக் கரையைக் குழம்பு குறுக்கே அறுத்ததால், பக்கத்து ஊரில் இருக்கும் வாழைத்தோட்டத்துக்குப் போக ஆட்கள் தெற்கு முனை வழியாகத் தீவைச் சுற்றினார்கள். நான் 2023 கோடையில் போனபோது குழம்பின்மேல் புதுச்சாலை ஓடியது.

அங்கே வேறு கொடுமை. சாலை வந்த பிறகும் புவெர்ட்டோ நாவோஸ் ஊர் மக்கள் பலரால் வீடு திரும்ப முடியவில்லை. தரையிலிருந்து கரியமில வாயு கசிந்துகொண்டிருந்தது. காற்றைவிடக் கனமானது என்பதால் கீழ்த்தளங்களில் தேங்கிவிடும், கண்ணுக்கும் தெரியாது, மூக்குக்கும் தெரியாது. கடற்கரை ஓட்டல்கள் எந்தச் சேதமும் இல்லாமல் பூட்டிக் கிடந்தன.

ஹிலோவாசி, அந்த அங்கிள் திரும்பிப் போனாரா?

ஹிலோவாசி:

போனார். உள்தெரு சரளைக்கல்தான், கார் டயர் இரண்டு கிழிந்தது. கரண்ட் கம்பம் இல்லை, சோலார் வைத்துக்கொண்டார். கூரையை மாற்றி, தொட்டியை மூன்று முறை கழுவினார்கள். புல்டோசர் ஒதுக்கிய கல்மேட்டில், மண்ணே இல்லாத இடத்தில், பப்பாளிக் கன்று வைத்திருப்பதாகக் கடைசியாகப் பேசியபோது சொன்னார். ஆன்ட்டி பின்னாலிருந்து “அது வராது என்று சொல்” என்று கத்தினார்.