அம்மா, பிள்ளையளோட கோலாலம்பூர் 5 இரவு: பலாலியால போறதோ, கட்டுநாயக்காவால போறதோ?

கோண்டாவில்_டிப்போ கேட்டது:

வணக்கம். பள்ளிக்கூட லீவில குடும்பமா கோலாலம்பூர் போற யோசினை. நாங்கள் இரண்டு பேர், அம்மா (71 வயசு, முழங்கால் நோ, சீனி வருத்தம்), பிள்ளையள் 9 வயசும் 3 வயசும். எல்லாருக்கும் இலங்கைப் பாஸ்போட்.

யாழ்ப்பாணத்துப் பலாலி எயர்போட்டால சென்னைக்குப் போய் அங்கயிருந்து ஏறினா அம்மாவுக்குக் கொழும்பு பஸ் அலைச்சல் இல்லை எண்டு நினைக்கிறன். சரிவருமோ? எந்தப் பக்கம் தங்கிறது? அம்மாவின்ர ஒரே ஆசை பத்துமலை. அந்தப் படியளை நினைச்சாத்தான் யோசினையாக் கிடக்கு.

வேலியோரப்பூவரசு:

சென்னை வழியை விடுங்கோ. இரண்டு ரிக்கற்றையும் தனித்தனியா எடுத்தா, சென்னையில இமிகிரேசனுக்கு வெளிய வந்து பெட்டியளை எடுத்துத் திரும்பப் போட வேணும். அதுக்கு அஞ்சு பேருக்கும் இந்திய விசா வேணும். விசா இல்லாட்டிப் பலாலியிலயே ஏத்தமாட்டினம். முழுப் பயணமும் ஒரே ரிக்கற்றில, பெட்டியளும் கோலாலம்பூர் வரைக்கும் போகுமெண்டா மட்டும் யோசிக்கலாம். கொழும்புப் பக்கம் இருக்கிற கட்டுநாயக்கா எயர்போட்டில இருந்து நேர பறந்தா நாலு மணித்தியாலத்துக்குள்ள முடிஞ்சிடும்.

கனபேர் பிழைவிடுற இடம் நடுச்சாமப் பறப்பு. ரிக்கற்றில 12ஆம் திகதி 00.30 எண்டிருந்தா, 11ஆம் திகதி இரவு 9 மணிக்கே எயர்போட்டில நிக்க வேணும். 12ஆம் திகதி இரவு வந்து நிண்டா பிளேன் அண்டைக்கு விடியமுன்னமே போயிருக்கும். அம்மாவை நினைச்சு, முதல் நாளே நீர்கொழும்புப் பக்கம் வந்து ஒரு இரவு படுத்தெழும்பிப் போங்கோ. புத்தளம் வழியா வாற பஸ் எண்டா கொழும்புக்குப் போய்த் திரும்பத் தேவையில்லை.

இந்தியாக்காரருக்கு மலேசிய விசா விலக்கு வந்ததைப் பாத்திட்டு எங்களுக்கும் அப்பிடித்தான் எண்டு சிலபேர் நினைக்கினம். எங்கட பாஸ்போட்டுக்கு ஈ-விசா எடுக்க வேணும், பிள்ளையளுக்கும் தனித்தனியா. பாஸ்போட் ஆறு மாசத்துக்குக் குறையாமச் செல்லுபடியாக இருக்க வேணும். வெள்ளைப் பின்னணிப் படம், திரும்பி வாற ரிக்கற், ஹொட்டல் பதிவு எல்லாம் கையில இருக்கட்டும். வந்த விசாவைத் தாளில அடிச்சுக்கொண்டு போங்கோ.

விசாவோட முடியாது. எம்டிஏசி எண்டு ஒரு டிஜிற்றல் வருகை அட்டை இருக்கு. போய் இறங்கிறதுக்கு முந்தின மூண்டு நாளுக்குள்ள ஆளுக்கொண்டு நிரப்ப வேணும், 3 வயசுப் பிள்ளைக்கும் சேர்த்து. மலேசியக் குடிவரவுத் திணைக்களத்தின்ர தளத்தில அது சும்மா. காசு கேக்கிற தளம் எண்டா உடன வெளிய வாங்கோ.

அம்மாவுக்கு வீல்செயார் வேணுமெண்டு 48 மணித்தியாலத்துக்கு முதலே விமானக் கம்பனிக்குச் சொல்லி வையுங்கோ. கவுண்டரில போய்க் கேட்டா கிடைச்சாலும் கிடைக்கும், கிடைக்காமலும் போகும்.

சங்கிலியன்_தோப்பு:

தங்கிறதுக்கு பிரிக்ஃபீல்ட்ஸ்தான். கேஎல் சென்ட்ரல் நிலையத்துக்கு நடை தூரம், திரும்பின பக்கமெல்லாம் தமிழ்ச் சாப்பாட்டுக்கடை. ஸ்கொட் வீதிப் பக்கம் இருக்கிற கந்தசுவாமி கோவில் இலங்கைத் தமிழர் கட்டினது, அம்மாவுக்கு ஊர் மாதிரி இருக்கும். ஹொட்டலில அறைக்கு ஒரு இரவுக்கு 10 றிங்கிற் சுற்றுலா வரி வெளிநாட்டுக்காரரிட்டத் தனியா வாங்குவினம். ஏமாத்துறாங்கள் எண்டு சண்டை பிடிக்காதேங்கோ.

எயர்போட்டில இருந்து எக்ஸ்பிரஸ் ரெயின் முதலாம் முனையத்தில இருந்து 28 நிமிசம், இரண்டாம் முனையத்தில இருந்து 33. பெரியாக்களுக்கு 55, பிள்ளைக்கு 25 றிங்கிற். உங்கட கணக்கு 190, சின்னவருக்கு இல்லை. அதைவிட ஆறு பேர் ஏறுற கிராப் கார் (போன் செயலியில கூப்பிடுற டாக்ஸி) மலிவு, ஹொட்டல் வாசலிலயே இறக்கும். சாதாரணக் காரைப் போட்டா நாலு பேருக்கு மேல ஏத்தமாட்டான், குழந்தையும் ஒரு ஆள்தான். ரோல் காசு (நெடுஞ்சாலைக் கட்டணம்) தனி.

கிராப்பை யாழ்ப்பாணத்தில வைச்சே போனில போட்டு, நம்பரை உறுதி செய்து வங்கிக் காட்டையும் சேர்த்து வையுங்கோ. அங்க போய் சிம்மை மாத்தின பிறகு செய்ய வெளிக்கிட்டா வங்கி அனுப்புற ஓரீபி (ஒருமுறை பாவிக்கிற இரகசிய எண்) பழைய நம்பருக்குப் போயிடும். பின்னேரம் மழை பிடிச்சா கிராப் விலை எக்கச்சக்கமா ஏறும், தெருவும் நகராது. வெளிச்சுத்தலைக் காலமையோட முடிச்சு மத்தியானம் அறைக்கு வாறதுதான் புத்தி.

இரட்டைக் கோபுரத்துக்கு கேஎல் சென்ட்ரலில இருந்து கிளானா ஜெயா எல்ஆர்டியில அஞ்சாவது நிலையம், கேஎல்சிசி. கோபுரம் திங்கள் பூட்டு. எங்களைக் கேட்டா மேல ஏறிற காசு உங்கட ஆக்களுக்கு வீண். கீழ பூங்காவில பிள்ளையள் இறங்கி விளையாடத் தண்ணித் தடாகம் இருக்கு, காசில்லை. மாத்துச் சட்டையும் துவாயும் மறக்காதேங்கோ.

மருதடி_நிழல்:

பத்துமலைப் படி 272, செங்குத்து. முழங்கால் நோ உள்ளவைக்கு ஏறுறதைவிட இறங்கிறதுதான் வில்லங்கம். ஆனா அதுக்காக அம்மாவைக் கூட்டிக்கொண்டு போகாம விடாதேங்கோ. 42.7 மீற்றர் முருகன் சிலை கீழதான் நிக்குது, கீழயும் கோவிலுகள் இருக்கு. அம்மாவையும் சின்னவரையும் ஒரு ஆள் கீழ வைச்சிருக்க, மற்ற ஆள் பெரிய பிள்ளையோட ஏறி இறங்கட்டும். பிறகு மாறிப் போங்கோ.

காலமை 8 மணிக்கு முதல் அங்க நிண்டா வெயிலும் இல்லை, சுற்றுலா பஸ்ஸுகளும் வந்திருக்காது. குரங்கு பொல்லாதது. வாழைப்பழம், அர்ச்சனைச் சாமான், சொப்பிங் பை எதையும் கையில தொங்கவிட்டுக்கொண்டு ஏறாதேங்கோ, பறிச்சுக்கொண்டு ஓடும். கட்டைக் காற்சட்டையோட மேல விடமாட்டினம்.

கேஎல் சென்ட்ரலில இருந்து கேடிஎம் கொம்யூட்டர் ரெயின் கோவிலடியிலயே முடியுது, விலையும் சொற்பம். ஒண்டைத் தவறவிட்டா அடுத்ததுக்குக் கனநேரம் நிக்க வேணும், அதால நேர அட்டவணையைப் பாத்திட்டு வெளிக்கிடுங்கோ. நடுப் பெட்டியள் பொம்பிளையளுக்கு மட்டும், அவசரத்தில குடும்பமா அதுக்குள்ள ஏறினா உங்களை இறங்கச் சொல்லுவினம். தைப்பூசக் கிழமையில மட்டும் அம்மாவோட அந்தப் பக்கம் போகாதேங்கோ, சனத்துக்குள்ள நிக்கேலாது.

கோண்டாவில்_டிப்போ:

எல்லாருக்கும் பெரிய நன்றி. பலாலி யோசினையை விட்டிட்டன். அம்மா வெள்ளிக்கிழமை சுத்த சைவம். பிரிக்ஃபீல்ட்ஸுக்கு வெளிய சாப்பிட வேண்டி வந்தா?

வேலியோரப்பூவரசு:

வெளிய எண்டா கவனம். நாசி லெமாக்கைப் பாத்தா சோறும் சம்பலும்தான், ஆனா சம்பலுக்குள்ள நெத்தலி இருக்கும். மரக்கறிப் பிரட்டலிலயும் பெலாச்சான் எண்ட இறால் விழுது போடுவினம், கண்ணுக்குத் தெரியாது. வெறும் மரக்கறியோ எண்டு கேட்டா ஓம் எண்டுதான் சொல்லுவினம், பெலாச்சான் போட்டதோ எண்டு பேர் சொல்லிக் கேளுங்கோ. ரொட்டி சானாய்க்குத் தாற குழம்பையும் ஒருக்கா விசாரியுங்கோ, சில கடையில மீன் குழம்பு.

அம்மாவுக்குச் சீனி எண்டபடியா இதையும் எழுதி வையுங்கோ: தே எண்டு மட்டும் சொன்னா ரின்பால் போட்டு இனிப்பா வரும். எங்கட பிளேன்ரீக்கு அங்க தே ஓ எண்டு பேர், அதுவும் சீனியோடதான் வரும். சீனியே வேண்டாமெண்டா தே ஓ கோசோங். குறைச்சுப் போடச் சொல்ல கூராங் மானிஸ்.

மருதடி_நிழல்:

ஊரில இருந்து சாப்பாட்டுச் சாமான் கட்டிறதெண்டா முருங்கைக்காய், கறிவேப்பிலை, பச்சைப் பனங்கிழங்கு, மாம்பழம் ஒண்டும் வேண்டாம், அனுமதிப்பத்திரம் இல்லாம உள்ள விடமாட்டினம். அம்மாவின்ர மருந்துகளை மருந்துத் துண்டோட கைப்பையில வையுங்கோ. ஆரும் தெரிஞ்ச ஆக்கள் "அங்க ஒராளிட்டக் குடுங்கோ" எண்டு கட்டித் தாற பார்சலை வாங்கவே வேண்டாம், மலேசியாவில போதைச் சட்டம் தூக்கு மட்டும் போகும்.