புதுப்பிப்பு: தங்கையின் சினானிம்ஸ் பட்டியல்

வங்கித் தேர்வுக்காக ஆங்கில சினானிம்ஸ் (ஒரே பொருள் தரும் சொற்கள்) பட்டியலை எவ்வளவு உருப்போட்டாலும் தங்கைக்கு நிற்கவில்லை என்று போன மாதம் கேட்டிருந்தேன். வாக்கியத்தோடு படிக்கச் சொன்னீர்கள். அப்படித்தான் படிக்கிறாள், நிற்கிறது.

கூடவே இன்னொன்றும் கைகொடுத்தது: ஒவ்வொரு சொல்லும் எந்த மொழியிலிருந்து வந்தது என்று பார்ப்பது. 1066-இல் பிரான்சின் வடபகுதியிலிருந்து வந்த நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு பிரெஞ்சுச் சொற்கள் வந்து குவிந்தன, அப்புறம் லத்தீன். ஒரே பொருளுக்கு இத்தனை சொல் இருக்க அது ஒரு முக்கியக் காரணம். கேட்பதற்கு ‘ஆஸ்க்’ பழைய ஆங்கிலம், வீட்டில் புழங்குவது. ‘கொஸ்டின்’ பிரெஞ்சு வழி வந்தது, கொஞ்சம் விறைப்பு. ‘இன்டராகேட்’ லத்தீன், போலீஸ் விசாரணை வாடை அடிக்கும். காய்கறிக்காரரிடம் விலையை ‘இன்டராகேட்’ பண்ண முடியுமா என்ன! மேலே ஏறுவதற்கான ‘ரைஸ், மவுண்ட், அசெண்ட்’ கூட இதே வரிசைதான். ஆன்டனிம்ஸ் (எதிர்ச்சொற்கள்) பக்கம் இன்னும் போகவில்லை.