பிசி கேம் சந்தை செத்துவிட்டதாம்! 19 மாதமா, 5 மாதமா?

ரேம்போதாது:
கேம் ஆட பிசி (கணினி) நல்லதா, கன்சோல் (டிவியில் செருகி ஆடும் பிளேஸ்டேஷன், எக்ஸ்பாக்ஸ் மாதிரிப் பெட்டி) நல்லதா என்று பேசும் பக்கத்து இழையில் வட்டம்சதுரம் என்கிற நண்பர் போகிற போக்கில் ஒன்றை எழுதிவிட்டுப் போயிருக்கிறார்: "பிசி என்பது கன்சோல்காரன் தின்று மிச்சம் வைத்ததைப் பொறுக்கும் சந்தை. ஜிடிஏ 5 கேமையே 19 மாதம் காக்க வைத்துத்தான் கொடுத்தார்கள்." படித்ததிலிருந்து சோறு இறங்கவில்லை. எந்த 19 மாதம் ஐயா? பிஎஸ்4-க்கு (சோனியின் பிளேஸ்டேஷன் 4) அது வந்தது 2014 நவம்பர். பிசிக்கு 2015 ஏப்ரல். விரல் விட்டு எண்ணுங்கள். 5 மாதம்.

வட்டம்சதுரம்:
2013 செப்டம்பர் 17 அன்று பிஎஸ்3-யிலும் எக்ஸ்பாக்ஸ் 360-யிலும் வந்ததே, அது என்ன கனவா? மூன்றே நாளில் 100 கோடி டாலர் விற்பனை. அதில் பிசிக்காரர்கள் கொடுத்தது ஒரு பைசா உண்டா? 19 மாதம்.

ரேம்போதாது:
அது பழைய தலைமுறைப் பதிப்பு. பிசிக்கு வந்தது பிஎஸ்4-இல் வந்த புதுப் பதிப்பு. பாத்திரத்தின் கண் வழியாகவே பார்த்து ஆடும் ஃபர்ஸ்ட் பெர்சன் பார்வை அதில்தான் சேர்ந்தது. ஒரே கேமுக்கு நீங்கள் இரண்டு முறை காசு அழுதீர்கள், நாங்கள் ஒரு முறை. ஏமாந்த கதையைப் பெருமையாகச் சொல்கிறவரை இப்போதுதான் பார்க்கிறேன். 5 மாதம்.

தூத்துக்குடிக்காரன்:
சீனாவை விட்டுவிட்டு என்ன சந்தைக் கணக்கு? 2000-லிருந்து 2014 வரை அங்கே கன்சோல் விற்கவே தடை. ஒரு தலைமுறையே நெட் கஃபே பிசியில் ஆடி வளர்ந்தது. 2024 ஆகஸ்டில் பிளாக் மித் வுகோங் என்ற சீன கேம் வந்தபோது, பிசி கேம் விற்கும் ஸ்டீம் என்ற இணையக் கடையில் மட்டும் ஒரே நேரத்தில் 24 லட்சம் பேர் ஆடினார்கள்.

வட்டம்சதுரம்:
வுகோங் பிஎஸ்5-இலும் அதே நாளில்தான் வந்தது. சீனா இருக்கட்டும், 19 மாதத்துக்குப் பதில் எங்கே?

சேவ்பண்ணல:
சோனியின் காட் ஆஃப் வார் கேம் 2018-இல் பிஎஸ்4-க்கு வந்தது, பிசிக்கு 2022 ஜனவரி. அதற்கு முன்னால் 19 எல்லாம் சும்மா. (நான் இரண்டிலும் ஆடுகிறவன், என்னை அடிக்க வேண்டாம்.)

ரேம்போதாது:
தம்பி, எனக்கு எடுத்துக் கொடுத்ததற்கு நன்றி. பிஎஸ் வாங்கினால்தான் அதன் நாயகன் கிரேடோஸைப் பார்க்கலாம் என்று காவல் போட்டிருந்த சோனியே, தன் சரக்கைத் தூக்கிக்கொண்டு ஸ்டீமுக்கு வந்ததா இல்லையா? செத்த சந்தையில் யார் கடை போடுவார்கள்?

அப்புறம் சைபர்பங்க் 2077. 2020 டிசம்பரில் வந்தது, பழைய கன்சோல்களில் தள்ளாடியது, சோனி தன் கடையிலிருந்தே தூக்கிவிட்டது. அப்படியும் அந்த ஆண்டு முடிவதற்குள் 1.37 கோடி பிரதிகள். அதில் 56 சதவீதம் பிசி. தயாரித்த நிறுவனமே கொடுத்த கணக்கு இது, என் மாமா மகன் சொன்னதல்ல. பிஎஸ்4, எக்ஸ்பாக்ஸ் இரண்டையும் கூட்டினாலும் பிசியைத் தொடவில்லை.

கன்சோல் மலிவு என்பார் அடுத்து, தெரியும். பெட்டியைக் குறைந்த விலைக்குக் கொடுத்துவிட்டு, பிறகு கேமிலும் சந்தாவிலும் கறந்துகொள்வார்கள். காசு கொடுத்து வாங்கிய கேமை ஆன்லைனில் ஆட பிஎஸ் பிளஸ் என்ற சோனியின் சந்தாவுக்குத் தனியாகக் கட்ட வேண்டும். நான் ஸ்டீமுக்கு மாதச் சந்தா கட்டியதே இல்லை. சரி, 5 மாதத்துக்கு வருவோமா?

வட்டம்சதுரம்:
பிஎஸ்5 இங்கே 2021-இல் 49,990 ரூபாய்க்கு வந்தது. அன்றைக்கு அந்தக் காசுக்கு, கிரிப்டோ காசு தோண்டுவதற்காகக் கார்டுகளை அள்ளிப்போனவர்களோடு முட்டி மோதி, உங்களால் ஒரு நல்ல கிராபிக்ஸ் கார்டு வாங்க முடிந்ததா? மிச்ச பிசியை அட்டைப்பெட்டியில் செய்வீர்களா?

அதைவிட, "நாங்கள் ஒரு முறை காசு கொடுத்தோம்" என்றாரே, அதுதான் இந்த வருடத்தின் நகைச்சுவை. காசு கொடுத்தாராம். திருட்டு கேம் இறக்கும் டோரண்டுக்குக் கைகால் முளைத்து இங்கே வந்து பேசுகிறது. ஜிடிஏ-வைத் தயாரித்த ராக்ஸ்டார் 19 மாதம் யோசித்ததே அதனால்தான் இருக்கும்.

ரேம்போதாது:
திருட்டைப் பற்றி யார் பேசுவது? பிஎஸ்2-இல் திருட்டு டிஸ்க் ஓடுவதற்கு சிப் போட்டு, பர்மா பஜாரில் அடுக்கி வைத்த டிஸ்க்கைப் பேரம் பேசி வாங்கிய கூட்டம் யார்? இதே இடத்தில் "எந்தக் கடையில் சிப் போடுவார்கள்" என்று நீங்கள் போட்ட பதிவு இன்னும் இருக்கிறது. எடுத்து ஒட்டட்டுமா?

வட்டம்சதுரம்:
அப்போது எனக்கு வயது 14.

ரேம்போதாது:
14 வயதில் எண்ணத் தெரியும்தானே? நவம்பர் முதல் ஏப்ரல் வரை எத்தனை?

அமைதிப்புறா:
நண்பர்களே, மொபைல் கேம் சந்தை இந்த இரண்டில் எதைவிடவும் பெரியது. எதற்கு இந்தச் சண்டை?

வட்டம்சதுரம்:
கேண்டி கிரஷ் ஆடுகிறவர்களுக்குத் தனி இழை உண்டு.

ரேம்போதாது:
இந்த ஒரு விஷயத்தில் அவரை வழிமொழிகிறேன்.

தூத்துக்குடிக்காரன்:
ஸ்டீம் கடைக்காரர்கள் விற்கும் ஸ்டீம் டெக் கைக்கருவி பிசியா, கன்சோலா?

ரேம்போதாது:
பிசி. உள்ளே பிசியில் ஓடுகிற லினக்ஸ் இயங்குதளம்தான் ஓடுகிறது. இதில் கேள்வியே இல்லை.

வட்டம்சதுரம்:
கையில் பிடித்து, பொத்தானை அழுத்தி ஆடினால் கன்சோல். ஜெயித்ததையெல்லாம் பிசி கணக்கில் எழுதிக்கொள்கிற பழக்கம் எப்போது போகும்? ஜிடிஏ 6 அறிவிப்பைப் பார்த்தீர்களா? பிஎஸ்5 இருக்கிறது, எக்ஸ்பாக்ஸ் இருக்கிறது. பிசி எங்கே? மறுபடி எண்ணத் தொடங்குவோமா, ஒன்று, இரண்டு...

ரேம்போதாது:
எண்ணுங்கள், ஆனால் சரியான பதிப்பிலிருந்து எண்ணுங்கள். 5.

வட்டம்சதுரம்:
19. மேலும், போன தீபாவளிக்கு நீங்கள் என் தலையில் கட்டிய கிராபிக்ஸ் கார்டு மூன்றே மாதத்தில் படுத்துவிட்டது. அந்தக் கோபத்தில்தான் பிஎஸ்5 வாங்கினேன். இதையும் உங்கள் பிசி சந்தைக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ரேம்போதாது:
உங்கள் வீட்டு பவர் சப்ளை லட்சணத்தை அன்றைக்கே சொன்னேன். கேட்டீர்களா?

சேவ்பண்ணல:
அந்தக் கார்டு இன்னும் இருக்கிறதா? எனக்கு அதன் ஃபேன் மட்டும் போதும்.